ஒன்பது வயது மகளுக்கு ஆஸ்துமா: வீட்டில் எதை விலக்குவது, எதை அப்படியே விட்டுவைக்கலாம்?

கேள்வி – ஏகாம்பரகுப்பம் தாய்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஆந்திர எல்லையில், நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பத்தில் வசிக்கிறோம். ஒன்பது வயதான என் மகளுக்கு ஆஸ்துமா இருப்பதாகச் சென்ற ஆண்டு மருத்துவர் உறுதிசெய்தார். காலையும் இரவும் தவறாமல் இழுப்பதற்கு ஒரு ஸ்டீராய்டு இன்ஹேலரும், மூச்சுத் திணறும்போது மட்டும் எடுத்துக்கொள்ள நீல நிற இன்ஹேலரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். தூசி, புகை, ஒத்துக்கொள்ளாத பொருள்கள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் அவளுக்கு ஒத்துக்கொள்ளாதது எது என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

வீட்டின் முன்பகுதியில் எங்கள் விசைத்தறிகள் ஓடுகின்றன. பஞ்சுத் துகள் சன்னல் கம்பிகளில்கூடப் படிந்திருக்கும். மகள் படுப்பது என் தாய்வீட்டில் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையில். ஒரு பூனை வளர்க்கிறோம். அது அவள் காலடியிலேயே உறங்கும். குளியலறையை ஒட்டிய சுவரில் மழைக்காலம் வந்தால் கறுப்புப் புள்ளிகள் பூக்கின்றன. வெள்ளிக்கிழமைகளில் மாமியார் சாம்பிராணி போடுவார். இரவில் கொசுவத்திச் சுருள் எரியும்.

இருமலும் இழுப்பும் பெரும்பாலும் விடியற்காலையில்தான் வருகின்றன. ஐப்பசியில் தொடங்கினால் தை முடியும்வரை தொல்லைதான். விடுமுறையில் திருப்பதியில் என் தம்பி வீட்டில் தங்கியிருந்தபோது அவள் இருமவே இல்லை; ஊர் திரும்பியதும் மறுபடியும் தொடங்கிவிட்டது.

உறவினர்களோ வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு எதையும் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். பூனையைக் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அதைச் சொன்னதிலிருந்து மகள் அழுதுகொண்டிருக்கிறாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற எங்களிடம் வசதியும் இல்லை. எதிலிருந்து தொடங்குவது என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 – திருத்தணி ஓய்வாசிரியர்

அம்மா, வணக்கம். இளம் வயதிலிருந்தே ஆஸ்துமாவோடு வாழ்ந்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. திருப்பதியில் இருமல் இல்லை, ஊர் திரும்பியதும் வந்துவிட்டது என்றால் தூண்டும் பொருள் உங்கள் வீட்டிலோ தெருவிலோதான் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் திருப்பதியில் மெத்தையும் வேறு, பூனையும் இல்லை, தறியும் இல்லை. ஆகவே இந்த ஒரு குறிப்பைக் கொண்டு எதையும் குற்றவாளியாக்கிவிட முடியாது.

ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து நாள்தோறும் இரண்டே வரி எழுதுங்கள். இரவு இருமினாளா, நீல இன்ஹேலர் தேவைப்பட்டதா என்பது ஒரு வரி. அன்று வழக்கத்துக்கு மாறாக நடந்தது என்ன என்பது மற்றொரு வரி. ஒட்டடை அடித்தது, சாம்பிராணி போட்டது, பெட்டியிலிருந்து கம்பளி எடுத்தது, பள்ளியில் ஓடியது, சளி பிடித்தது, மழை பெய்தது என எதுவாகவும் இருக்கலாம். எனக்குப் புகையும் பழைய காகிதக் கட்டுகளும் ஆகா; ஆனால் பூக்களோ மாவுத் தூசியோ ஒன்றும் செய்வதில்லை. இன்னொருவருக்கு இது நேர் எதிராக இருக்கும். அதனால்தான் அடுத்த வீட்டுக்காரரின் பட்டியல் நமக்கு உதவுவதில்லை.

பள்ளி மைதானத்திலோ வீட்டைச் சுற்றியோ பார்த்தீனியம் இருக்கிறதா என்றும் பாருங்கள்; அதன் மகரந்தம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கேரட் இலை போன்ற இலையும் சிறு வெள்ளைப் பூவும் உள்ள அந்தக் களைச்செடி, 1950களில் புனே பக்கம் முதலில் கவனத்துக்கு வந்து பின்னர் நாடெங்கும் பரவியது. மழை நின்றதும் காலி மனைகள் முழுவதும் அதுவாகத்தான் இருக்கும். பூப்பதற்கு முன்பே பெரியவர்கள் கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்கிவிட வேண்டும். குழந்தை அந்த வேலையின் அருகில் வரக் கூடாது.

பதில் 2 – நெஞ்சக மருத்துவர், சித்தூர்

ஆசிரியர் ஐயா சொன்ன குறிப்பேட்டை நானும் வழிமொழிகிறேன். நோயாளியை நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல இயலாது. ஆகவே பொதுவாக உள்ளதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் இரண்டு வகையான தூண்டிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தூசிப்பூச்சி, கரப்பான்பூச்சி, பூனை, பூஞ்சணம், மகரந்தம் ஆகியவை ஒவ்வாமைத் தூண்டிகள். இவற்றுக்கு எதிராக உடல் ஐஜிஈ என்ற எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கி வைத்திருந்தால் மட்டுமே இவை மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஒரு குழந்தைக்குப் பூனை ஆகாது, இன்னொரு குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்பதன் காரணம் இதுதான். கொசுவத்திப் புகை, சாம்பிராணி, விறகடுப்பு, பீடி, பெயின்ட் வாசனை போன்றவையோ எரிச்சலூட்டிகள். ஏற்கெனவே வீங்கிப் புண்பட்டிருக்கும் மூச்சுக்குழாயை ஒவ்வாமை இல்லாமலே உறுத்தக்கூடியவை. ஆகவே ஒவ்வாமைத் தூண்டியைச் சோதித்து அறிந்து விலக்க வேண்டும். புகையைச் சோதனை எதுவுமின்றி இன்றே நிறுத்திவிடலாம். செலவில்லாத முதல் வேலை அது. மூடிய அறையில் ஒரு கொசுவத்திச் சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்ததற்குச் சமம் என 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை கட்டுங்கள், அந்த வலையையும் அவ்வப்போது துவைக்க வேண்டும், இல்லையெனில் அதுவே தூசிப் பை ஆகிவிடும்.

இனி மெத்தைக்கு வருவோம். தூசிப்பூச்சி என்பது ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் நீளமே உள்ள, வெறும் கண்ணுக்கு அகப்படாத எட்டுக்கால் உயிரி. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதிலே அதன் உணவு. அது நீரைக் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே வாழ்கிறது. அதனால் காற்றின் ஈரப்பதம் நீண்ட நாள் 50 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் பிழைக்காது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் பகுதி வீடுகளில் அந்த அளவுக்கு வறட்சி எங்கே இருக்கிறது? ஐப்பசியில் தொல்லை தொடங்குவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஒவ்வாமையை உண்டாக்குவது பெரும்பாலும் அதன் எச்சம். பல ஆண்டு பழைய இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் அதற்கு மிகவும் வாய்ப்பான இருப்பிடங்கள்; குழந்தையோ ஒவ்வோர் இரவும் எட்டு மணி நேரம் அதில் முகம் புதைத்து உறங்குகிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இழுப்பு விடியற்காலையில் வருவதைக் கொண்டே மெத்தைதான் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த நேரத்தில் மூச்சுக்குழாய் இயல்பாகவே கூடுதலாகச் சுருங்கும்; நோய் கட்டுக்குள் இல்லை என்பதற்கும் அது ஓர் அறிகுறி. அதேபோல, குழந்தைகளுக்குக் கடுமையான இழுப்பைக் கொண்டுவருவதில் முதலிடம் வகிப்பது தூசியோ பூனையோ அல்ல, சாதாரண சளிக் கிருமிதான்.

செய்ய வேண்டியவை இவை. மெத்தையையும் தலையணையையும் நெருக்கமான நெசவு கொண்ட, ஜிப் வைத்த உறையால் முழுவதுமாக மூடுங்கள். வாங்க முடியாவிட்டால் ரெக்சின் உறை தைத்து, அதன்மேல் பருத்தி விரிப்புப் போடலாம். விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒருமுறை 60 பாகை செல்சியஸ் சூட்டு நீரில் துவைக்க வேண்டும். வெந்நீர் இயந்திரம் இல்லாத வீட்டில், கொதித்த நீர் ஒரு பங்குக்குக் குழாய் நீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும். குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, கோலால் அமிழ்த்தி ஊற வையுங்கள். பஞ்சு பொம்மைகளைப் பாலித்தீன் பையில் கட்டி ஒரு முழு நாள் ஃப்ரீசரில் வைத்தால் பூச்சிகள் இறக்கும். பின்னர் துவைத்தால்தான் எச்சம் போகும். மெத்தையை வெயிலில் காய வைத்துத் தட்டுவது நல்ல பழக்கமே, ஆனால் தட்டும்போது அவள் பக்கத்தில் இருக்கக் கூடாது. உறை மட்டும் போட்டுவிட்டு மற்றவற்றைச் செய்யாமல் இருந்தால் பயன் குறைவு என்பதே அனுபவம். கையில் பணம் குறைவாக இருந்தால், வீடு முழுவதற்கும் சிறிது சிறிதாகச் செலவழிப்பதைவிட அவள் உறங்கும் அறை ஒன்றை மட்டும் முறையாகச் சரிசெய்யுங்கள்.

சுவரின் கறுப்புப் புள்ளி பூஞ்சணம். அதன்மேல் சுண்ணாம்போ பெயின்டோ அடித்து மறைத்தால் அடுத்த மழையில் மீண்டும் வரும். குளியலறைக் குழாய்க் கசிவை அடைத்த பிறகு, சோப்புத் தூள் நீரால் தேய்த்துக் கழுவி நன்றாக உலர விடுங்கள். மழை நாளில் ஈரத் துணியை அவள் படுக்கும் அறையில் கட்டி உலர்த்துவதையும் நிறுத்த வேண்டும். கரப்பான்பூச்சிக்கு மருந்து தெளிப்பதை விட, அடுப்பு மேடைக்குப் பின்னும் குளிர்சாதனப் பெட்டிக்கு அடியிலும் ஜெல் மருந்து வைப்பதும், இரவில் எச்சில் பாத்திரம் போட்டு வைக்காமலிருப்பதும் நல்லது. தெளிப்பான் நெடியே இழுப்பைக் கிளப்பிவிடும்.

பூனையை அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். தோல் குத்துச் சோதனை ஒன்று இருக்கிறது. ஒவ்வாமைச் சாறுகளை முன்கையில் ஒவ்வொரு சொட்டாக வைத்து, ஊசி நுனியால் இலேசாகக் குத்தி, 15 முதல் 20 நிமிடம் கழித்துத் தடிப்பை அளப்பார்கள். வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளில் செய்துகொள்ளலாம். அதில் பூனைக்கு எதிர்வினை இல்லையென்றால் பூனை வீட்டிலேயே இருக்கட்டும். எதிர்வினை இருந்து, அதன் அருகில் போகும்போது மூச்சும் சிரமப்படுகிறது என்றால் வேறு வீடு பார்க்கத்தான் வேண்டும். பூனை போன பிறகும் அதன் உமிழ்நீரும் தோல் செதிலும் துணிகளில் பல மாதங்கள் நிற்கும் என்பதால் மறுநாளே குணம் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இதற்கிடையில் பூனை அவள் அறைக்குள் வராமல் கதவைச் சாத்தி வையுங்கள்.

பதில் 3 – புத்தூர் தறிக்காரர்

சகோதரிக்கு வணக்கம். மருத்துவர் ஐயா தறியைப் பற்றி எழுதவில்லை. அதை நான் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் தறிக்கூடத்துக்கும் கூடத்துக்கும் இடையில் ஒரு கதவு மட்டுமே இருந்தது, என் தம்பி மகனுக்கும் இதே தொல்லை.

தறி ஓடும்போது பறக்கும் தூசியைவிடத் தறியைத் துடைக்கும்போது பறக்கும் தூசிதான் அதிகம். கம்ப்ரசர் காற்றைப் பீய்ச்சித் தறியைச் சுத்தம் செய்தால், படிந்திருந்த பஞ்சும், பாவிலிருந்து உதிர்ந்த கஞ்சித் தூளும் கிளம்பி வீடு முழுவதும் போய்ச் சேரும். நாங்கள் அதை நிறுத்திவிட்டு, ஈரத் துணியால் துடைக்கிறோம். தரையைக் கூட்டுவதற்குப் பதிலாக நீர் தெளித்து வழித்தெடுக்கிறோம். துடைக்கும் வேலை பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகுதான். இடைக்கதவின் அடி இடுக்கில் பழைய டயர் ரப்பரை அடித்து மூடினோம். வெளிப்பக்கமாகக் காற்றைத் தள்ளும் விசிறி ஒன்றைத் தறிக்கூடத்துச் சுவரில் பொருத்தினோம். அது வீட்டுப் பக்கமாக ஓடும்படி வைத்துவிடக் கூடாது. தறியில் நின்றவர்கள் சட்டையை மாற்றாமல் குழந்தையைத் தூக்குவதில்லை என்பதையும் வழக்கமாக்கிக்கொண்டோம். கயிற்றில் தொங்கும் வேலைச் சட்டையை நீங்களே ஒருமுறை வெயிலில் உதறிப் பாருங்கள், அம்மா. அதற்குப் பிறகு யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பதில் 4 – காளஹஸ்தி பாட்டி

மருந்தும் சோதனையும் எதற்கு, தாயே? ஜூன் மாதத்தில் வரும் மிருகசிரா கார்த்தி அன்று ஐதராபாத் நாம்பள்ளி மைதானத்தில் விரால் மீன் குஞ்சின் வாயில் மருந்து வைத்து விழுங்கக் கொடுக்கிறார்கள். எங்கள் உறவில் போய் வந்தவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். தயிர், வாழைப்பழம் எல்லாம் குளிர்ச்சி; அவற்றை நிறுத்தினாலே பாதி நோய் போய்விடும். இன்ஹேலர் பழகிவிட்டால் வாழ்நாள் முழுவதும் விட முடியாது.

பதில் 5 – நெஞ்சக மருத்துவர், சித்தூர்

பாட்டி அம்மாவின் அக்கறையை மதிக்கிறேன். ஐதராபாத்தில் ஜூன் மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று அந்த மீன் மருந்தை இலவசமாகப் பெறுகிறார்கள் என்பது உண்மை. அது ஆஸ்துமாவைக் குணப்படுத்துகிறது என்பதற்கு அறிவியல் சான்று இல்லை என்பதும் உண்மை. ஆஸ்துமா தானாகவே ஏறியும் இறங்கியும் வரும் நோய். இறங்கும் வேளையில் எதை எடுத்துக்கொண்டிருந்தாலும் அதற்கே பெயர் கிடைக்கும். யார் அங்கே போனாலும் நான் தடுக்கப்போவதில்லை, ஆனால் போய் வந்த நம்பிக்கையில் இன்ஹேலரை நிறுத்துவதுதான் ஆபத்து.

இன்ஹேலர் மதுவைப் போலப் பழகிக்கொள்ளும் பொருள் அன்று. ஸ்டீராய்டு இன்ஹேலர் மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணிக்கிறது. மாத்திரையில் செல்லும் அளவோடு ஒப்பிட்டால் இதில் செல்வது மிகச் சிறிய அளவு. உண்மையில் கவலைப்பட வேண்டியது நீல இன்ஹேலரை மட்டும் நம்பியிருப்பதைப் பற்றித்தான். உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்களை வெளியிடும் ஜினா அமைப்பு, நிவாரண இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுத்துச் சிகிச்சை செய்வதை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. 200 முறை அழுத்தக்கூடிய அந்த நீலக் குப்பி ஓராண்டில் மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். அவளுக்கு ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் பிளாஸ்டிக் குடுவை) வைத்துத்தான் இன்ஹேலர் கொடுக்கிறீர்களா? ஸ்பேசரைச் சோப்பு நீரில் அலசி, துணியால் துடைக்காமல் காற்றில் உலர விட வேண்டும். துடைத்தால் உண்டாகும் மின்னேற்றத்தால் மருந்து உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். மருந்தை இழுத்த பின் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, ஒரு குறிப்பிட்ட உணவைச் சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ ஒவ்வொரு முறையும் தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு போன்றவை வந்தால் மட்டுமே அதைச் சந்தேகிக்க வேண்டும். ஆஸ்துமா உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்குத் தயிரும் வாழைப்பழமும் எந்தக் கெடுதலும் செய்வதில்லை. வளரும் பிள்ளையிடமிருந்து அவற்றைப் பிடுங்காதீர்கள்.

ஏகாம்பரகுப்பம் தாய்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கொசுவத்தியை நிறுத்திவிட்டோம், மாமியாரும் சாம்பிராணியைக் கொல்லைப்புறத்தில் போடச் சம்மதித்தார். ஸ்பேசர் இருக்கிறது, ஆனால் இதுவரை துணியால் துடைத்துத்தான் வைத்துவந்தோம். என் கணவர் இடைக்கதவுக்கு ரப்பர் வாங்கி வந்துவிட்டார்.

இன்னும் இரண்டு கேள்விகள். பொங்கலுக்கு வெள்ளையடித்து, பரண் இறக்கி, போகிக்குப் பழையதைக் கொளுத்துவது எங்கள் தெருவில் வழக்கம். அந்த நாள்களில் அவளை என்ன செய்வது? பள்ளியில் விளையாட விடலாமா?

பதில் 6 – திருத்தணி ஓய்வாசிரியர்

போகியைப் பற்றி நான் சொல்கிறேன், அம்மா. ஒவ்வோர் ஆண்டும் எனக்கு அது சோதனை நாள். பலர் விடியற்காலை நெருப்பை மட்டுமே நினைத்துப் பயப்படுகிறார்கள், ஆனால் பரண் இறக்கும் நாள் அதற்குக் குறைந்ததன்று. ஆண்டு முழுவதும் அசையாமல் கிடந்த பாய், பழைய மெத்தை, அட்டைப்பெட்டி எல்லாம் ஒரே நாளில் தூசியை உதிர்க்கும். பூஞ்சணம், கரப்பான் எச்சம் எல்லாம் அதில் சேரும். அந்த வேலையும் வெள்ளையடிப்பும் முடிந்து, தரையை ஈரத்துணியால் துடைத்து, பெயின்ட் நெடி அடங்கும்வரை மகளை உறவினர் வீட்டில் விடுவது நல்லது. அவளுக்கு ஒத்துவந்த திருப்பதி மாமன் வீடு இருக்கவே இருக்கிறது.

போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்தால், மார்கழிப் பனியில் அந்தப் புகை மேலே கலையாமல் தெருவிலேயே தங்கிவிடும். சென்னையில் போகிப் புகைமூட்டத்தால் விமானங்களே தாமதமான ஆண்டுகள் உண்டு. கதவு சன்னல்களை முதல்நாள் இரவே சாத்திவிடுங்கள். புகை கலையும்வரை அவள் வெளியே வர வேண்டாம். தெருப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசினால், வீட்டுக்கு வீடு கொளுத்தாமல் ஊர்க் கோடியில் ஒரே இடத்தில் நான்கு வறட்டியும் விறகும் மட்டும் வைத்து முடித்துக்கொள்ள ஒப்புக்கொள்வார்கள். எங்கள் தெருவில் ஒப்புக்கொண்டார்கள்; முணுமுணுப்பு இல்லாமலில்லை.

பதில் 7 – நெஞ்சக மருத்துவர், சித்தூர்

விளையாட்டைத் தடுக்க வேண்டாம். ஓடினால் இழுக்கிறது என்றால் நோய் இன்னும் கட்டுப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். ஓடுவதற்கு முன் நீல இன்ஹேலர் எடுக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டு எழுதி வாங்கி, ஒரு நகலை வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். நீல இன்ஹேலரும் ஸ்பேசரும் அவளுடைய பையிலேயே இருக்க வேண்டும், தலைமையாசிரியர் அறை அலமாரியில் பூட்டி வைக்கக் கூடாது. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளிழுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நீல இன்ஹேலர் கொடுத்தும் மூச்சு சீராகாவிட்டாலோ வீட்டு வைத்தியம் எதுவும் செய்துகொண்டிருக்காமல் 108க்கு அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை எழுதி வாங்கிய குறிப்பின்படி இன்ஹேலரைத் தொடர்ந்து கொடுங்கள்.

தோல் சோதனைக்கு நாள் குறிக்கும்போது, அவள் சளிக்காக செடிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரையோ சிரப்போ எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். சோதனைக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே அதை நிறுத்தினால்தான் முடிவு சரியாக வரும். இன்ஹேலரை நிறுத்தத் தேவையில்லை.